ஊஞ்சல் கொக்கியை முடிவு செய்ய வேண்டிய நாள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் இன்டீரியர் பேச்சை எடுப்பது பெயின்ட் அடிக்கிற நேரத்தில்தான். அதற்குள் பாதி விஷயம் கான்கிரீட்டுக்குள் போயிருக்கும். ஃபேன் எங்கே தொங்கும், அலமாரி எந்தச் சுவரில் நிற்கும், கழிப்பறைக் கோப்பை சுவரிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி உட்காரும் என்பதையெல்லாம் மேஸ்திரியும் எலக்ட்ரீஷியனும் தங்கள் வழக்கப்படி முடித்துவிட்டிருப்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் வழக்கப்படிதான் செய்வார்கள்.

உள்வேலை ஒவ்வொன்றுக்கும் கட்டட வேலையில் ஒரு கெடு உண்டு. சிலவற்றுக்குப் பேஸ்மட்டம் (தரையை உயர்த்தும் அடித்தளம்), சிலவற்றுக்கு லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்), சிலவற்றுக்கு ரூஃப், சிலவற்றுக்குப் பூச்சு. கெடு தாண்டினால் சுவரை வெட்ட வேண்டும், அல்லது காலமெல்லாம் இடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

பிளானிலேயே பீரோவை வரையுங்கள்

பிளானில் '10 × 10' என்று போட்டிருப்பது செங்கல்லுக்குச் செங்கல் அளவு. இரண்டு பக்கமும் அரை அங்குலம் பூச்சு போனால் மிஞ்சுவது 9 அடி 11 அங்குலம், அதாவது 119 அங்குலம். ஆறடி அகலக் கட்டிலின் நீளம் ஆறரை அடி, 78 அங்குலம். எதிர்ச் சுவரில் 2 அடி ஆழ அலமாரி. 119-ல் 78-ம் 24-ம் போனால் நடக்க 17 அங்குலம். அலமாரிக் கதவின் அகலம் 18 அங்குலம் என்றால் அது கட்டிலில் இடித்து நிற்கும். ஸ்லைடிங் கதவு போடலாம், ஆனால் அதற்கு ஆழம் 26 அங்குலம் வேண்டும். இருக்கிற 17-லும் 2 அங்குலம் போய்விடும். இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டால் அறையை ஓர் அடி நீட்டலாம், கட்டிலைத் திருப்பலாம். சுவர் எழும்பின பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

கல்யாணத்துக்கு வந்த இரும்பு பீரோ எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அகலம் மூன்றடி, ஆழம் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேல், உயரம் ஆறரை அடி. அதை விட்டுவிட்டு பெட்ரூம் வரைந்தால் கடைசியில் அது ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், அரிசி மூட்டை, கிரைண்டர் எல்லாவற்றையும் அளந்து, அதே ஸ்கேலில் அட்டையில் வெட்டி, பிளான் மேல் நகர்த்திப் பாருங்கள். கொலு வைக்கிற வீடென்றால் அதையும் சேர்க்க வேண்டும். படிக்கு 10 அங்குலம் என்று வைத்தால் ஒன்பது படிக்கு ஏழரை அடி ஆழம் போகும். பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் இல்லாவிட்டால் சீரியல் பல்புக்கு வயர் கூடத்தின் குறுக்கே ஓடும்.

கதவு நிலைக்கும் இதே கதைதான். மூலையிலிருந்து 4 அங்குலம் விட்டு நிலை வைப்பது மேஸ்திரிகளின் வழக்கம். அந்த மூலையில் 2 அடி ஆழ அலமாரி வரப்போகிறது என்றால் 2 அடி 3 அங்குலம் விட வேண்டும். வாஸ்து பார்ப்பவரை அழைப்பதாக இருந்தால் அதையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். மேடை கட்டிய பிறகு அடுப்பைத் தென்கிழக்குக்கு மாற்றச் சொன்னால் செலவு இரண்டு மடங்கு.

பேஸ்மட்டம்: தரையும் ஓதமும்

டெல்டா மண் களி. மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரம் தோண்டிய களியையே பேஸ்மட்டத்துக்குள் கொட்டி நிரப்பிவிட்டு மேலே விலை உயர்ந்த டைல்ஸ் போடுவதுதான் இந்தப் பக்கம் தரை உட்காருவதற்கு முதல் காரணம். உள்ளே போவது சரளையோ மணலோவாக இருக்க வேண்டும். 6 அங்குலத்துக்கு ஒரு அடுக்கு, தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, பிறகு அடுத்த அடுக்கு. மூன்றடியையும் ஒரே நாளில் லாரியிலிருந்து கொட்டினால் டைல்ஸ் ஒட்டும்போது ஒன்றும் தெரியாது. இரண்டு மழைக்காலம் போன பிறகு ஸ்கர்ட்டிங்குக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும்.

பேஸ்மட்ட உயரத்தைத் தெருவில் கார்த்திகை மழையின்போது நிற்கும் தண்ணீரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். தெருவும் ஒவ்வொரு முறை ரோடு போடும்போது ஏறிக்கொண்டே வரும். மூன்றடி தூக்கலாம், தப்பில்லை. ஆனால் வீட்டில் வயதானவர்கள் இருந்து, சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பாதை வேண்டுமென்றால், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சாய்வில் மூன்றடிக்கு 36 அடி நீளம் தேவை. மனையில் அதற்கு இடம் இருக்கிறதா என்று இப்போதே பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஆறு அங்குலப் படிகளும் இரண்டு பக்கக் கைப்பிடியும்தான் வழி.

கரையான் மருந்து சிமென்ட் ஜல்லித் தளம் போடுவதற்கு முன் அடிக்க வேண்டிய வேலை. இந்திய தரநிலை ஐ.எஸ். 6313 சொல்வது சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல். 1000 சதுர அடிக்கு சுமார் 465 லிட்டர். தோளில் ஒரு ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு வந்து பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனால் அது மருந்து அடித்ததாகக் கணக்கில்லை. பின்னால் லட்சக்கணக்கில் மர வேலை செய்யப்போகிற வீட்டில் இதில் மிச்சம் பிடிப்பது வீண்.

அடுத்தது ஓதம், அதாவது மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். பேஸ்மட்டத்தின் மேல் ஓதத் தடுப்புப் பூச்சு போடுவதை எல்லோரும் செய்கிறார்கள். பிறகு வெளியே செடி வைக்கவென்று சுவரை ஒட்டி மண்ணைக் கொட்டி அந்த மட்டத்துக்கு மேலே ஏற்றிவிடுகிறார்கள். ஓதம் தடுப்பைத் தாண்டிச் சுவருக்குள் ஏறும், உள்ளே அலமாரியின் முதுகு பூசணம் பிடிக்கும். அலமாரியைக் குளியலறைச் சுவரிலும், வாடைக் காற்றோடு சாரல் அடிக்கும் வடக்கு, கிழக்கு வெளிச்சுவரிலும் வைக்காமல் இருப்பதே மேல். வேறு வழியில்லை என்றால் சுவருக்கும் முதுகுப் பலகைக்கும் ஓர் அங்குல இடைவெளி விட்டு, பலகையின் இரண்டு பக்கமும் லேமினேட் ஒட்டி, தரையில் 4 அங்குல பி.வி.சி. கால்களில் நிறுத்துங்கள். பிளைவுட்டை நேரே தரையில் உட்கார வைத்தால் மாப் போடுகிற தண்ணீரே அதைக் கெடுத்துவிடும். சமையலறைக்கும் தரைத்தளத்துக்கும் தண்ணீரைத் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட்தான், 18 மி.மீ.க்குக் குறையாமல். பார்ட்டிகிள் போர்டு இந்தக் காற்றுக்கு ஆகாது.

நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரம் போர் தண்ணீர் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி. தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ். 456 விதி. பூச்சுக் கலவைக்கும் அதே கவனம் வேண்டும். உப்புத் தண்ணீரில் பூசிய சுவர் எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் வெள்ளையாகப் பூத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் பெயின்ட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

லிண்டல் மட்டத்துக்குள்

வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊரில் கொசுவலை இல்லாத ஜன்னல் மாலை ஆறு மணிக்கு மூடப்படும் ஜன்னல்தான். கடைசியில் வெல்க்ரோ ஒட்டி வலை போடுவது ஒரு வருடத்துக்குக் காணும். மர ஜன்னல் என்றால் ஆசாரி சட்டம் அறுக்கும்போதே இரட்டைக் காடி, அதாவது இரண்டு கதவு உட்கார இரண்டு பள்ளம், சொல்லிவிட வேண்டும். கண்ணாடிக் கதவு வெளியே திறக்கும், நடுவில் கம்பி, வலைக் கதவு உள்ளே திறக்கும். அதற்கு 4 × 3 அங்குலச் சட்டம் பற்றாது, 5 × 3 வேண்டும். வலைக் கதவு உள்ளே திறப்பதால் பக்கத்தில் அலமாரியோ, சிங்க் குழாயோ, திரைச்சீலைக் கம்பியோ இடிக்குமா என்று பாருங்கள். ஸ்லைடிங் என்றால் மூன்று டிராக், பிரேம் சுமார் 4 அங்குலம் அகலம். 9 அங்குலச் சுவரில் கம்பியும் சேர்த்து எங்கே உட்காரும் என்று முதலிலேயே வரைந்துகொள்ளுங்கள். என் ஓட்டு, திறந்து மூடும் ஜன்னலுக்கு. ஸ்லைடிங்கில் பாதிதான் திறக்கும். சித்திரை வெயிலில் அந்த மீதிப் பாதியும் தேவைப்படும்.

நிலை வைக்கும்போது தரை போட்டிருக்காது. கலவை ஒன்றரை அங்குலம், டைல்ஸ் 10 மி.மீ., ஆக சுமார் 2 அங்குலம். தரை முடியும் மட்டத்தை டியூப் லெவல் பிடித்து எல்லாச் சுவரிலும் நீலக் கோடாகப் போட்டுவிட்டுத்தான் நிலையைத் தூக்க வேண்டும். கூடத்துக்கு டைல்ஸ், பூஜை அறைக்கு கிரானைட் என்று பின்னால் மனசு மாறினால் கனம் மாறும், நடுவில் கால் தட்டும்.

சமையலறை ஜன்னலுக்கு வழக்கமான மூன்றடி அடிமட்டம் ஆகாது. மேடை 33 அங்குலம், அதன் மேல் சின்ன தடுப்பு, பிறகு ஜன்னல். 40 முதல் 42 அங்குலம் வரை வைத்தால் சரி. சமைக்கிறவர் குள்ளமென்றால் மேடை 32, உயரமென்றால் 34. முழங்கை மடக்கி நின்று, முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை வர வேண்டும். பரணைக் கான்கிரீட்டில் வார்ப்பதாக இருந்தால் அடுப்புச் சுவருக்கு மட்டும் வேண்டாம். சிம்னியின் 6 அங்குலக் குழாய் அதில் முட்டி வளைந்து வளைந்து போகும், புகை வெளியேறாது. சிம்னி அடுப்பு மேடையிலிருந்து 26 முதல் 30 அங்குலம் உயரத்தில் நிற்கும். சிலிண்டரை மேடைக்கடியில் கதவு போட்டு மூடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடுதான் தேங்கும். காற்றோட்டத் துளை தரை மட்டத்தில் இருக்க வேண்டும், மேலே இருந்து பயனில்லை. வெளியே வைத்துத் தாமிரக் குழாய் இழுப்பதென்றால் சுவரில் துளையை இப்போதே விடச் சொல்லுங்கள்.

ரூஃப் கான்கிரீட்டுக்கு முன்

இந்த ஊரில் கூடத்தில் ஊஞ்சல் வேண்டாம் என்பவர்கள் குறைவு. ஆனால் ஊஞ்சல் நினைவுக்கு வருவது கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடிக்கும்போது. அப்போது கூரையில் துளை போட்டு விரியும் போல்ட் அடிக்கிறார்கள். 5 அங்குல ஸ்லாபில் அந்த போல்ட் அசையாத பாரத்தைத் தாங்கும். நாளெல்லாம் முன்னும் பின்னும் இழுபடுகிற பாரத்தில் மெல்ல மெல்லத் தளரும்.

சரியான வழி, கொக்கி பீமில் வருவது. மூன்று நான்கு பேர் உட்கார்ந்தால் 250 முதல் 300 கிலோ, பலகையும் சங்கிலியும் தனி, ஆடும்போது அதற்கும் மேல். இன்ஜினியரிடம் இதை முதலிலேயே சொன்னால் பீமை அதற்கேற்ப வைப்பார். கொக்கிக்கு 16 மி.மீ.க்குக் குறையாத, முறுக்கில்லாத வழவழப்பான கம்பி. முறுக்குக் கம்பியை அவ்வளவு சிறிய வட்டமாக வளைத்தால் வளைவில் விரிசல் விழ வாய்ப்பு உண்டு. கொக்கியின் இரு முனையையும் பீமின் மேல்கம்பிக்கு மேலே ஏற்றி, இருபக்கமும் ஓரடி படுக்கவிட்டு, கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்ட வேண்டும். சென்ட்ரிங் பலகையில் துளை வேண்டும், அதைப் பலகை அடிக்கிறவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். கான்கிரீட் போடும் காலையில் சொன்னால் யார் காதிலும் விழாது. வெளியே நிற்கும் வளையத்தைப் பிளாஸ்டிக் சுற்றிக் காப்பாற்றுங்கள். கரையோர ஊர்களில் துருப்பிடிக்காத எஃகு, அதிலும் 316 என்ற ரகம் கிடைத்தால் நல்லது.

இடம்: இரண்டு கொக்கிக்கும் இடைவெளி பலகையின் நீளத்தை ஒட்டி இருந்தால் சங்கிலி நேராகத் தொங்கும். பலகை இரண்டடி அகலம், முன்னும் பின்னும் மும்மூன்று அடி ஆட இடம், ஆக எட்டு அடி காலியாக வேண்டும். அந்த எட்டு அடிக்குள் ஃபேன் வரக் கூடாது, நடை வழியும் வரக் கூடாது.

ஃபேனைப் பொறுத்தவரை எலக்ட்ரீஷியன் அறையின் நட்ட நடுவில் பெட்டி வைப்பார். ஒரு சுவர் முழுக்க 2 அடி அலமாரி வந்தால், மிஞ்சிய இடத்தின் நடு ஓரடி தள்ளிப் போகிறது. ஃபேனும் ஓரடி தள்ள வேண்டும். லைட்டை இறக்கை சுற்றும் வட்டத்துக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் சுவரெல்லாம் நிழல் துடித்துக்கொண்டே இருக்கும்.

முற்றம் வைக்கிறவர்கள் தண்ணீர்க் கணக்கைப் போட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் 10 செ.மீ. பெய்வது டெல்டாவுக்குப் புதிதில்லை. 10 × 10 அடி முற்றத்தில் அது சுமார் 930 லிட்டர். சுற்றுக் கூரையும் சேர்ந்து 500 சதுர அடி உள்ளே வடிகிறது என்றால் 4,600 லிட்டருக்கு மேல். 4 அங்குலக் குழாய் ஒன்று போதும் என்று மேஸ்திரி சொன்னாலும் இரண்டு போடுங்கள். ஒன்றில் இலை அடைத்தால் இன்னொன்று ஓடும். முற்றத்தின் தரை கூடத்தைவிட 6 அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங் பற்றி ஒரு வார்த்தை: மேல்தளத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே வேண்டாம். கசிவு இருந்தால் ஜிப்சம் ஊறி விழும்வரை தெரியாது.

பூச்சுக்கு முன்

ஸ்விட்ச் போர்டு நாலு நாலரை அடி உயரம், கட்டிலின் பக்கம் 2 முதல் 2½ அடி, சமையல் மேடைக்கு மேல் தரையிலிருந்து 42 முதல் 44 அங்குலம், ஏ.சி.க்கு 7 முதல் 7½ அடி. லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ. வயர், 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீஸருக்கும் 4. மிக்ஸி, கிரைண்டருக்கு 6 ஆம்பியரே போதும். இன்டக்ஷன் அடுப்புக்கும் மைக்ரோவேவுக்கும் 16. ஏ.சி.யில் எல்லோரும் மறப்பது தண்ணீர்க் குழாய். சாய்வு பார்த்து, பூச்சுக்குள் மறைத்து, குளியலறை வடிகாலிலோ வெளியிலோ விட வேண்டும். மறந்தால் வெளிச்சுவரில் பாசி படியும்.

இன்வெர்ட்டருக்குத் தனி வயரிங். 150 ஏ.எச். பேட்டரி ஒன்றில், இழப்புகள் போக, சுமார் 1,200 வாட் மணி கிடைக்கும். 75 வாட் ஃபேன் இரண்டும் 10 வாட் பல்பு நான்கும் ஓடினால் ஆறு மணி நேரம். அதே இடத்தில் கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் பன்னிரண்டு. 2018 நவம்பர் கஜா புயலில் வேதாரண்யம் பக்கம் பல நாள் கரண்ட் இல்லாமல் இருந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். வீடு முழுவதையும் இன்வெர்ட்டரில் சேர்க்காதீர்கள், ராத்திரி தூங்குகிற அறைகளும் சமையலறை விளக்கும் போதும்.

குளியலறை வேலைக்கு முன் கழிப்பறைக் கோப்பையை வாங்கிவிடுங்கள், அல்லது மாடலையாவது முடிவு செய்யுங்கள். தரை வழியாகக் கழிவு போகும் மாடல்களில் சுவரிலிருந்து குழி மையம் 9 அங்குலமும் உண்டு, 12-ம் உண்டு. அந்த அளவு டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து, செங்கல்லிலிருந்து அல்ல. பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஓர் அங்குலத்துக்கு மேல் தின்றுவிடும். சுவருக்குள் புதையும் டைவர்ட்டரின் (தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடும் வால்வு) உடம்பில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று ஆழக் கோடு இருக்கும். டைல்ஸின் முகம் அந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். தரை டைல்ஸுக்கு முன் தண்ணீர் கட்டி இரண்டு நாள் வைத்து, கீழ்க் கூரையைத் தொட்டுப் பாருங்கள்.

எல்லாக் குழாயும் ஓடிய பிறகு, பூசுவதற்கு முந்தின நாள், ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்த நிலையில் போட்டோ எடுத்து வையுங்கள். தஞ்சாவூர் ஓவியம் மாட்ட ஆணி அடிக்கும்போது உதவும். அந்த ஓவியத்தை ஓதச் சுவரில் மாட்டாதீர்கள். பலகை மேல் துணி ஒட்டி, சாக்குப் பொடிக் கலவையால் எழுப்பி, தங்க ரேக்கு பதித்தது; ஈரம் பட்டால் எழும்பிய இடம் உரியும். அதற்கு மேலே ஒரு லைட் பாயின்ட் வேண்டுமென்றால் அதற்கும் கெடு பூச்சுதான்.

பூச்சு முடிந்தவுடன் பட்டி பார்க்க அவசரப்படாதீர்கள். ஐப்பசியில் பூசிய சுவர் தை வரை ஈரம் விடும். பட்டியை மேலே அடைத்தால் பெயின்ட் செதிலாக உரியும். மழைக்காலத்தில் பொருத்திய மரக் கதவும் இப்படித்தான். அடைமழையில் உப்பியிருக்கும்போது இழைத்துப் பொருத்தினால் பங்குனியில் இடுக்கு வழியாக வெளிச்சம் வரும்.

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களுக்கு

திண்ணை, ரேழி, கூடம் வைத்த ஓட்டு வீடுகளின் சுவர் பெரும்பாலும் சுண்ணாம்புக் கலவையில் கட்டியது. அது ஓதத்தை உறிஞ்சி, வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதன் மேல் சிமென்ட் பூச்சும் பட்டியும் போட்டால் ஈரம் உள்ளே சிக்கி, இரண்டடி உயரத்துக்குச் சுவர் பொரியும். உதிர்ந்த இடத்தைச் சுண்ணாம்பாலேயே பூசி, சுண்ணாம்பே அடியுங்கள். வயர் புதைக்கச் சுவரைப் படுக்கைவாட்டில் வெட்டக் கூடாது. வெளியே கேஸிங் ஓட்டுவது அழகு குறைவுதான், ஆனால் சுவர் நிற்கும். ரெட் ஆக்சைடு தரை வெடிக்காமல் இருந்தால் அதைப் பெயர்த்து டைல்ஸ் போட எந்தக் காரணமும் இல்லை. உத்திரமும் தூணும் உள்ளே தின்னப்பட்டிருக்கிறதா என்று சுத்தியல் காம்பால் தட்டிக் கேளுங்கள். பொள்ளல் சத்தம் வந்த இடத்தில் ஊஞ்சல் மாட்ட வேண்டாம்.